கேட்டதும் சொன்னதும்: ஊசிக்குள் சீனி, மணலுக்குள் ஹீலியம்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் ஆஸ்பத்திரி ஸ்கான், மறுபக்கம் வானமும் பிரபஞ்சமும். இரண்டு இதழாகப் போடலாமே என்று ஆசிரியர் கேட்டார். வேண்டாம், சேர்த்தே போடுங்கள் என்றேன். ஆளை வெட்டாமல் உள்ளே பார்ப்பதும், போகவே முடியாத தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதும் கணக்களவில் ஒரே வேலைதான்: வெளியே வந்து சேர்கிற கொஞ்ச வெளிச்சத்தை எண்ணி, உள்ளே என்ன இருந்திருக்கும் என்று பின்னோக்கிப் போவது. சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம்.

பாலையூற்று, உயர்தர மாணவி: இணைந்த கணிதம் படிக்கிறேன். கணிதப் பௌதிகவியலில் ஆராய்ச்சி செய்ய ஆசை. "அதைப் படித்து யாருக்கு என்ன லாபம், பேசாமல் என்ஜினியரிங் போ" என்கிறார்கள் வீட்டில். இந்த ஆராய்ச்சிக்காரர் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?

ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு, அது வேறு என்னவெல்லாம் சொல்லியாக வேண்டும் என்று விடாமல் துருவுகிறார்கள். 1928இல் போல் டிராக் இலத்திரனுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். குவாண்டம் பொறிமுறையோடும் ஒத்துப்போக வேண்டும், ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையோடும் ஒத்துப்போக வேண்டும், அதுதான் அவருடைய தேவை. சமன்பாடு வந்தது, ஆனால் தேவைக்கு மேல் விடை தந்தது. ஓ.எல். கணக்கில் நீளம் கேட்டு 3, -3 என்று இரண்டு விடை வந்தால் "நீளம் எதிராக இருக்க முடியாது" என்று ஒரு வரி எழுதிவிட்டு -3ஐ வெட்டிவிடுவோமே, அப்படி வெட்ட டிராக்கால் முடியவில்லை. வெட்டினால் மிச்சக் கணக்கும் குலைந்தது. கடைசியில் 1931இல், இலத்திரனின் அதே திணிவும் எதிரான ஏற்றமும் கொண்ட ஒரு துணிக்கை இருக்க வேண்டும் என்றார். அடுத்த வருடமே கலிபோர்னியாவில் கார்ல் அன்டர்சன், துணிக்கை போன தடத்தைக் காட்டுகிற முகிலறை என்ற கருவியில் எடுத்த படம் ஒன்றில் மறுபக்கம் வளைந்து போகிற ஒரு தடத்தைக் கண்டார். அதுதான் பொசித்திரன். இன்று புற்றுநோயைத் தேடுகிற பெட் ஸ்கான் வேலை செய்வது அந்தப் பொசித்திரனால். அடுத்த கேள்வியில் அதைப் பார்ப்போம்.

ஆனால் ஒன்று, வீட்டில் இந்தக் கதையைச் சொல்லி வாதாடாதீர்கள். டிராக் புற்றுநோயை நினைத்து எழுதவில்லை, பெட் ஸ்கான் உருவாக 1970கள் வரை போனது, ஒரு டிராக்குக்கு எத்தனையோ பேர் எழுதிய சமன்பாடுகள் எங்கேயும் போய்ச் சேராமல் கிடக்கின்றன. "பிறகு ஒரு நாள் பயன்படும்" என்பது அப்பா அம்மாவிடம் எடுபடாத வாதம், உண்மையைச் சொன்னால் அரைகுறையான வாதமும்கூட. பிடித்திருக்கிறது, தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள். சோற்றுக்கு என்ன வழி என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது: ஏகபரிமாண இயற்கணிதமும் புள்ளிவிபரமும் பைத்தன் நிரலாக்கமும் கையில் இருந்தால் ஸ்கான் இயந்திரக் கம்பனி, வானிலை, வங்கி எல்லாமே இந்தப் படிப்புக்காரரை எடுக்கிறது.

எங்கள் ஆட்கள் போகாத பாதையும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து போன கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் கேம்பிரிட்ஜில் டிராக்கிடமே ஆய்வு செய்தவர். ஐதரசன் அணுவில் இலத்திரன் புரோத்தனை நோக்கி நேராக விழுந்தால் என்ன நடக்கும்? விழுந்து ஒட்டிக்கொள்ளும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். டிராக் 1938இல் எழுதிய இன்னொரு சமன்பாட்டை வைத்துப் பார்த்தால் அது புரோத்தனைத் தொடவே தொடாது என்று எலியேசர் 1943இல் காட்டினார். விடை அவ்வளவு விசித்திரமாக இருந்ததால் அந்தச் சமன்பாட்டில்தான் ஏதோ சரியில்லை என்று பலரும் யோசிக்கத் தொடங்கினார்கள். இன்றும் அது எலியேசர் தேற்றம் என்ற பெயரில் கட்டுரைகளில் வருகிறது. பிறகு கொழும்பு, மலாயா, கடைசியில் மெல்பேர்ண் என்று பேராசிரியராக இருந்தார்.

வழி என்று கேட்டால், பௌதிக விஞ்ஞானப் பட்டத்தில் கணிதத்தையும் பௌதிகவியலையும் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டம் முடிந்ததும் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் மையத்தின் டிப்ளோமாவுக்கு விண்ணப்பியுங்கள். எங்களைப் போன்ற நாடுகளின் பிள்ளைகளுக்கென்றே செலவுக்குக் காசும் கொடுத்து நடத்துகிற படிப்பு அது.

கிண்ணியா, ஒரு வாசகி: உம்மாவுக்கு மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பெட் ஸ்கான் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மணித்தியாலம் சாப்பிடக் கூடாதாம், ஊசி போட்டபின் ஒரு மணித்தியாலம் கதைக்காமல் அசையாமல் இருக்க வேண்டுமாம், அன்றைக்குப் பேரப்பிள்ளையைத் தூக்கவும் கூடாதாம். ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? உம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது.

முதலில் கடைசி வரிக்கு வருகிறேன். சீனி வருத்தம் இருப்பதையும், என்ன குளிசை, இன்சுலின் போடுவாரா என்பதையும் திகதி எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். போய் இறங்கியபிறகு சொன்னால் திருப்பி அனுப்பவும் கூடும். இன்சுலின் போட்டால் குளுக்கோசு தசைகளுக்குள் ஓடிவிடும், மெட்போமின் குளிசை குடித்திருந்தால் குடல் முழுக்கப் பளிச்சென்று தெரியும்; இரண்டுமே படத்தைக் கெடுக்கும். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம். எதை எப்போது விடுவது என்று அவர்கள் சொல்வார்கள்.

இப்போது ஏன் என்பதைப் பார்ப்போம். ஊசியில் இருப்பது ஏறக்குறைய சீனிதான். குளுக்கோசு மூலக்கூறில் ஒரு இடத்தில் இருந்ததை எடுத்துவிட்டுப் புளோரின்-18 என்ற கதிர் அணுவை வைத்திருக்கிறார்கள். உடம்பின் கலம் இதைச் சீனி என்று நம்பி உள்ளே எடுக்கும், சீனியை உடைக்கிற வேலையின் முதல் படியையும் செய்யும், அதற்கு மேல் போக முடியாமல் பொருள் கலத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். புற்றுக்கலங்கள் அளவுக்கு மீறிக் குளுக்கோசு எடுப்பதை ஒட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்திருந்தார். ஆக, எங்கே அதிகம் சிக்கியிருக்கிறதோ அங்கே சந்தேகம். மூளையும் இதயமும் சிறுநீர்ப்பையும் எப்போதும் பிரகாசமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போனால் உண்மையான சீனி இந்தக் கள்ளச் சீனியோடு போட்டி போடும். நடந்தால் காலின் தசை எடுக்கும், கதைத்தால் தொண்டைத் தசை எடுக்கும். குளிர்ந்தாலும் கரைச்சல்: கழுத்தைச் சுற்றியுள்ள ஒரு வகைக் கொழுப்பு உடம்பைச் சூடாக்க வேலை செய்யத் தொடங்கி, கட்டி மாதிரியே படத்தில் தெரியும். அந்த அறைகளில் ஏ.சி. பலமாக இருக்கும். உம்மாவுக்கு ஒரு போர்வை கொண்டுபோங்கள்.

புளோரின்-18 சிதையும்போது ஒரு பொசித்திரன் வரும். பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றர்கூடப் போகாது, பக்கத்து இலத்திரனோடு மோதி இரண்டும் இல்லாமல் போகும். அவற்றின் திணிவு முழுவதும் இரண்டு காமாப் போட்டன்களாக மாறி, ஒன்றுக்கொன்று நேர் எதிர்த்திசையில் பறக்கும். ஒவ்வொன்றுக்கும் 511 கிலோ இலத்திரன்வோல்ற்று சக்தி. இலத்திரனின் திணிவை ஐன்ஸ்டைனின் சூத்திரத்தில் போட்டால் வருகிற எண் அது, யாருடைய உடம்பென்றாலும் மாறாது. உம்மா படுத்திருக்கிற வளையத்தில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பளிங்குகள் இருக்கின்றன, பெரும்பாலும் லுற்றீசியம் கலந்தவை. காமா பட்டால் பளிங்கில் மெல்லிய ஒளி மினுங்கும், அதை டிடெக்டர் பிடித்துப் பெருக்கும். எதிரெதிரே இருக்கிற இரண்டு பளிங்குகள் சில நனோசெக்கனுக்குள் (செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால் வருவது ஒரு நனோசெக்கன்) சேர்ந்து மினுங்கினால், அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேர்கோட்டில் எங்கேயோ சம்பவம் நடந்திருக்கிறது என்று பொருள். இப்படிக் கோடி கோடியாகக் கோடுகளைச் சேர்த்துத்தான் படம். புதிய இயந்திரங்களில் எது முதலில் வந்தது என்பதையும் அளக்கிறார்கள். ஒளி ஒரு நனோசெக்கனில் 30 சென்ரிமீற்றர் போகும். அதில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தைப் பிரித்தறிய முடிந்தால் கோட்டில் எந்த 3 சென்ரிமீற்றருக்குள் நடந்தது என்பது வரை சொல்லலாம்.

பேரப்பிள்ளை விடயம் அந்தக் காமாவால்தான். புளோரின்-18இன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைந்து முடிய எடுக்கிற நேரம், ஏறக்குறைய 110 நிமிடம். ஊசி போட்டு 12 மணித்தியாலத்தில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் இன்னும் கெதியில் குறையும். மறுநாள் தாராளமாகத் தூக்கலாம்.

இந்த 110 நிமிடம்தான் ஊருக்கு ஊர் பெட் இயந்திரம் இல்லாததற்கும் ஒரு காரணம். மருந்தை வாங்கி அலுமாரியில் வைக்க முடியாது, சைக்ளோட்ரன் என்ற துணிக்கை முடுக்கியில் அன்றன்று செய்ய வேண்டும். கொழும்பில் செய்து திருகோணமலைக்கு பஸ்ஸில் அனுப்பினால் ஆறு மணித்தியாலத்தில் வந்து சேர்வது பத்தில் ஒரு பங்கு. மகரகமை ஆஸ்பத்திரியின் பெட் இயந்திரம் பொதுமக்களிடம் காசு சேர்த்து வாங்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லா இனத்தவரும் கொடுத்தார்கள்.

உவர்மலை, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்: எக்ஸ் கதிர் தருவது நிழல். நிழல்களைச் சேர்த்து உள்ளே உள்ளதை எப்படி மீட்கிறார்கள்? வானியலாளரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள் என்று வாசித்தேன். எளிமையாகக் காட்ட முடியுமா?

மாஸ்ரர், உங்களுக்குக் கணக்காகவே தருகிறேன், கொப்பியில் போட்டுப் பாருங்கள். நான்கு கட்டங்கள், மேல் வரிசையில் இரண்டு, கீழ் வரிசையில் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு எண் ஒளிந்திருக்கிறது. உங்களுக்குக் கட்டத்தைத் திறக்க அனுமதி இல்லை, கோடு வழியாகக் கூட்டுத்தொகை மட்டும்தான் கிடைக்கும். மேல்வரிசை 8, கீழ்வரிசை 9, இடது நிரல் 5, வலது நிரல் 12. மேலே 3, 5. கீழே 2, 7 என்று போட்டால் பொருந்தும். ஆனால் மேலே 4, 4. கீழே 1, 8 என்று போட்டாலும் பொருந்தும்! இரண்டு திசை போதாது. மூலைவிட்டத்தில் ஒரு கதிரை அனுப்புங்கள்: இடது மேல் மூலையும் வலது கீழ் மூலையும் சேர்ந்து 10 என்று வந்தால் முதல் விடை, 12 என்று வந்தால் இரண்டாவது. சி.ரி. ஸ்கானில் எக்ஸ் கதிர்க் குழாய் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவது இந்த மூலைவிட்டங்களுக்காகத்தான். அங்கே ஒரு படத்தில் பக்கத்துக்கு 512 கட்டம், மொத்தம் 2,62,144 தெரியாக் கணியங்கள்.

எல்லாத் திசையிலும் கூட்டுத்தொகை தெரிந்தால் உள்ளே இருப்பதை முழுமையாக மீட்கலாம் என்று ஒஸ்திரியக் கணிதவியலாளர் யோகான் ராடோன் 1917இலேயே நிறுவிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. 1956இல் ரேடியோ வானியலில் ரொனால்ட் பிரேஸ்வெல்லுக்கு அதே சிக்கல் வந்தது. அவருடைய ரேடியோ அலைவாங்கி சூரியனைக் கீற்றுக் கீற்றாகத்தான் அளந்தது, அவர் தானாகவே வழி கண்டார். தென்னாபிரிக்காவில் அலன் கோர்மாக்குக்கு அதே சிக்கல் ஆஸ்பத்திரியில் வந்தது, அவரும் தனியாகவே தீர்த்து 1963இலும் 1964இலும் கட்டுரை எழுதினார். வைத்தியர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டுரையின் பிரதி கேட்டு வந்தவற்றில் சுவாரசியமான கடிதம் சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்ததாம்! இங்கிலாந்தில் கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட் இது எதுவும் தெரியாமல் இயந்திரத்தையே கட்டி, 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தார். 1979இல் கோர்மாக்குக்கும் அவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு. இருவரும் வைத்தியரும் இல்லை, கலாநிதிப் பட்டம் பெற்றவரும் இல்லை.

ஒரே கணக்கை நாலு பேர் நாலு இடத்தில் தனித்தனியாகத் தீர்த்ததைக் கேட்டு ஆகா என்று வியப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ராடோனின் கட்டுரையை யாராவது ஒரு வைத்தியப் பௌதிகவியலாளர் ஒரு தரம் வாசித்திருந்தால் எத்தனை வருடம் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்று. தாளில் இந்தக் கணக்கு சுத்தமாக வரும், நிஜத்தில் அளவீட்டில் சின்னப் பிழை இருந்தால் விடையில் பெரிய பிழையாக வந்து நிற்கும். கோடுகள் சில விடுபட்டிருந்தால் இன்னும் மோசம். 2019இல் வெளியான எம்87 கருந்துளைப் படத்தில் அதுதான் சிக்கல். பூமியெங்கும் சிதறிக் கிடந்த விரல்விட்டு எண்ணக்கூடிய ரேடியோ தொலைநோக்கிகள், இடையில் அளக்காத வெற்றிடம் ஏராளம். கிடைத்த தரவுக்குப் பொருந்துகிற படங்கள் பல, அவற்றில் எது நியாயமானது என்று தெரிவு செய்வதற்கே நான்கு குழுக்கள் ஒருவரோடொருவர் கதைக்காமல் தனித்தனியாக வேலை செய்து, பிறகு ஒப்பிட்டார்கள்.

புல்மோட்டை, ஒரு வாசகர்: எங்கள் கரையோர மணலில் கதிர்வீச்சு இருக்கிறது என்று கதைக்கிறார்கள். ஆபத்தா? சும்மா கிடக்கிற மண்ணுக்குள் இது எங்கிருந்து வந்தது?

இருக்கிறது. உங்கள் கறுப்பு மணலில் இல்மனைற்று, உரூற்றைல், சிர்க்கன் ஆகியவற்றோடு கொஞ்சம் மொனசைட்டும் இருக்கிறது, மொனசைட்டுக்குள் தோரியம். கரையில் நடப்பதற்கும் குளிப்பதற்கும் பயப்பட வேண்டியதில்லை. கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கரையில் மொனசைட் தாராளமாகக் கிடக்கிறது. அங்கே குடியிருக்கிற மக்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மணலிலிருந்து மொனசைட்டைப் பிரித்துக் குவிக்கிற இடத்தில் வேலை செய்பவர்கள் தூசியைச் சுவாசிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது வேறு விடயம். அளவுக்குச் சொன்னால், உலகத்தில் சராசரி ஆளுக்கு இயற்கையாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவேட் (உடம்பு வாங்குகிற கதிர்வீச்சை அளக்கிற அலகு) கிடைக்கிறது. வயிற்றுக்கு ஒரு சி.ரி. ஸ்கான் எடுத்தால் அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. தேவைக்கு எடுக்கிற ஸ்கானுக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் "எதற்கும் ஒரு ஸ்கான் எடுத்துப் பார்ப்போமே" என்று வைத்தியரை நெருக்கவும் வேண்டாம்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, அதுதான் நல்ல கேள்வி. தோரியத்தின் அரைவாழ்வு 1,400 கோடி வருடம். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி வருடம். பூமி உண்டாகி 450 கோடி வருடம்தான், ஆகவே அன்றைக்கு இருந்த தோரியத்தில் ஐந்தில் நாலு பங்கு இன்னும் அப்படியே இருக்கிறது. பூமி இதைச் செய்யவில்லை, சூரியனும் செய்யவில்லை. இவ்வளவு பாரமான அணுக்கருவைக் கட்ட நியூத்திரன்கள் மழையாகக் கொட்ட வேண்டும். 2017 ஓகஸ்ட் 17ஆம் திகதி 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதியதை ஈர்ப்பலையிலும் ஒளியிலும் சேர்த்தே பிடித்தார்கள். அந்த ஒளி மங்கிப்போன விதம், அங்கே பாரமான மூலகங்கள் உருவானதைக் காட்டியது. உங்கள் மணலில் உள்ள தோரியம் சூரியன் பிறக்கும் முன்பே அப்படி எங்கேயோ உண்டானது.

எங்கள் தோரியத்துக்கு ஊர் வரலாறும் உண்டு. கலை விமர்சகராக எல்லாருக்கும் தெரிந்த ஆனந்த குமாரசுவாமி அப்போது இலங்கைக் கனிம ஆய்வுப் பகுதியின் பணிப்பாளர். 1904இல் சபரகமுவப் பக்கம் கிடைத்த பாரமான கறுப்புக் கனிமம் ஒன்றை அவர் கவனித்ததால்தான் தோரியனைற்று என்ற கனிமம் உலகுக்குத் தெரியவந்தது. அடுத்த வருடம் லண்டனில் இளைஞராக வேலை செய்துகொண்டிருந்த ஒட்டோ ஹான், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து புதிதாக ஒரு கதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தார். அணுக்கருப் பிளவுக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அதே ஹான். அவர் பிரித்த பொருள் இன்று தோரியம்-228; அது சிதைந்து வருகிற ஈயம்-212ஐப் புற்றுநோய்க்கு மருந்தாகப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி ஹீலியம். ஒரு தோரியம் அணு ஈயமாக முடிகிற வரை ஆறு ஹீலியம் கருக்களை வெளியே தள்ளும். மணலின் பளிங்குக்குள் அந்த வாயு அடைபட்டுக் கிடக்கிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஒன்னஸ் 1908இல் முதல் தடவையாக ஹீலியத்தைத் திரவமாக்கினாரே, அதற்கான வாயுவை மொனசைட் மணலைச் சூடாக்கித்தான் எடுத்தார் (உங்கள் மணல் இல்லை, அமெரிக்க மணல்). அந்தத் திரவம் கையில் இருந்ததால் 1911இல் மீகடத்துதிறனைக் கண்டார்: இரசத்தை (பாதரசம்) -269 பாகை வரை குளிராக்கினால் மின்தடை சடாரென்று இல்லாமல் போகிறது. இன்றைய எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் பெரும்பாலானவற்றின் காந்தச் சுருள் அந்தத் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கிறது. இப்போது அதற்கு ஹீலியம் எரிவாயுக் கிணறுகளிலிருந்து வருகிறது, ஆனால் அதுவும் பாறைக்குள் தோரியமும் யுரேனியமும் சிதைந்து சேர்ந்ததுதான்.

எல்லாம் நல்ல கதையில்லை. 1930களில் தோரியம் ஒட்சைட்டையே நுண்ணிய துகளாகத் திரவத்தில் கலந்து, எக்ஸ் கதிர்ப் படத்தில் இரத்தக்குழாய் தெளிவாகத் தெரியட்டும் என்று ஆட்களுக்கு ஏற்றினார்கள். தோரோட்ராஸ்ட் என்று பெயர். படம் அருமையாக வந்தது, யாருக்கும் உடனே ஒன்றும் ஆகவில்லை. உடம்பால் அதை வெளியே தள்ள முடியவில்லை, ஈரலில் போய்த் தங்கியது, இருபது முப்பது வருடம் கழித்து ஈரல் புற்றுநோய் வந்தது. வெளியே மணலில் கிடக்கிற தோரியமும் ஈரலுக்குள் கிடக்கிற தோரியமும் ஒன்றல்ல. அல்பாக் கதிர் (தோரியம் வெளியே தள்ளுகிற அந்த ஹீலியம் கருக்கள்தான்) தோலின் மேற்படையைத் தாண்டாது, உள்ளே போய்விட்டால் தடுக்க ஒன்றுமில்லை.

சாம்பல்தீவு, ஓர் இளைஞர்: பெருவெடிப்பு நடந்தது எந்தத் திசையில்? கோணேசர் கோயில் பாறையில் இரவில் நின்றால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

எந்தப் பக்கமும் பார்க்கலாம் தம்பி. கடல் பக்கம், கோட்டைப் பக்கம், காலடி, எல்லாம் சரிதான். ஒரு வெற்றிடத்தின் நடுவில் குண்டு வெடித்ததாக நினைப்பதால் வருகிற கேள்வி இது. வெடித்ததற்கு வெளியே இடமே இல்லை, எல்லா இடமும் அன்று நெருக்கமாகவும் சூடாகவும் இருந்தது, அவ்வளவுதான். 3 இலட்சத்து 80 ஆயிரம் வருடம் கழித்து அந்தச் சூடு தணிந்து முதல் தடவையாக ஒளி தடையில்லாமல் ஓடத் தொடங்கியது. அந்த ஒளி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இடம் விரிந்ததால் அதுவும் இழுபட்டு மைக்ரோ அலையாகிவிட்டது. நீங்கள் நிற்கிற இடத்தில் ஒவ்வொரு கன சென்ரிமீற்றரிலும் ஏறக்குறைய 400 பழைய போட்டன்கள் இருக்கின்றன.

1964இல் அமெரிக்காவின் நியூஜேர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் பெரிய கொம்பு வடிவ அலைவாங்கியில் ஒரு இரைச்சலைக் கேட்டார்கள். எத்திசையில் திருப்பினாலும் அதே இரைச்சல். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைத் துரத்தி, எச்சத்தையெல்லாம் கழுவிப் பார்த்தும் போகவில்லை. அதுதான் இந்த ஒளி, வெப்பநிலை 2.7 கெல்வின், அதாவது -270 பாகைக்குப் பக்கம். 1978இல் நோபல்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு நடந்தது. அந்த ஒளி எல்லாப் பக்கமும் அச்சொட்டாக ஒரே அளவில்லை, இலட்சத்தில் ஒரு பங்கு அங்கே கூட இங்கே குறைய. அந்தப் புள்ளிகள் ஆதிக் குழம்பில் ஓடிய ஒலி அலைகளின் தடம். ஒலி அந்தக் காலத்துக்குள் எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்பதைத் தாளில் கணக்கிடலாம்; வானத்தில் அந்தப் புள்ளி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை அளக்கலாம், ஒரு பாகை, முழுநிலவைப் போல இரண்டு மடங்கு. உண்மை நீளமும் தெரிகிற கோணமும் கையில் இருந்தால் இடைப்பட்ட வெளி வளைந்ததா தட்டையா என்பது கேத்திரகணிதம். தட்டை. புள்ளிகளின் உயரம் தாழ்வை வைத்து, பிரபஞ்சத்தில் நாங்கள் அறிந்த சடப்பொருள் 5 வீதம், கரும்பொருள் 27 வீதம், கருஞ்சக்தி 68 வீதம் என்று பிரிக்கிறார்கள். 2009இல் ஏவிய பிளாங்க் செய்மதி இதை அளப்பதற்குத் தன் டிடெக்டரையே 0.1 கெல்வினுக்குக் குளிராக்கியது; சூடான கருவி தன் வெப்பத்தையே அளந்துவிட்டு நிற்கும்.

திருகோணமலை நகரம், கதிர்ப்படப் பிரிவில் பயிற்சி பெறுபவர்: "போட்டன் எண்ணும்" சி.ரி. என்று புதிதாகச் சொல்கிறார்களே, பழையதில் எண்ணவில்லையா?

இல்லை. பழைய டிடெக்டரில் எக்ஸ் கதிர் பளிங்கில் பட்டு ஒளியாகி, ஒளி மின்னாகி, குறித்த நேரத்தில் சேர்ந்த மின் முழுவதையும் ஒரே கூட்டுத்தொகையாகத் தரும். எத்தனை போட்டன், எது பலமானது என்ற விபரம் அதில் கரைந்துவிடும். புதியதில் கட்மியம் தெலூரைட் போன்ற குறைகடத்தி எக்ஸ் கதிரை நேரே மின்துடிப்பாக்கும். ஒவ்வொரு துடிப்பையும் தனியாக எண்ணி, அதன் உயரத்தைப் பார்த்து, இன்ன சக்தி என்று வேறு வேறு பெட்டியில் போடும். அதனால் இரத்தக்குழாயில் ஏற்றிய அயடீனையும் சுவரில் படிந்த கல்சியத்தையும் பிரித்துக் காட்ட முடிகிறது, பழைய படத்தில் இரண்டும் வெள்ளைதான். கஷ்டம் எங்கேயென்றால், ஒரு சதுர மில்லிமீற்றரில் செக்கனுக்குப் பல கோடி போட்டன் விழும்போது இரண்டு துடிப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒன்றாகத் தெரியும். அந்த நெரிசலை மின்னணுவியலால் வென்றதுதான் முன்னேற்றம்.

ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் துணிக்கைகளைப் பிடிப்பதற்கென உருவாக்கிய சில்லிலிருந்து வளர்ந்த மெடிபிக்ஸ் சில்லை வைத்து, நியூசிலாந்தில் 2018இல் உயிருள்ள மனிதரின் முதல் முப்பரிமாண வண்ண எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கான முழு அளவு இயந்திரத்துக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது வேறு கம்பனியின் சொந்த டிடெக்டர். "சேர்ன் இல்லாவிட்டால் இது இல்லை" என்று பிரசுரங்களில் எழுதுவதை அப்படியே விழுங்க வேண்டாம், இரண்டு பக்கமும் சேர்ந்து வளர்ந்தது.

நிலாவெளி: பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி இல்லை, அதைப் போல இரண்டு மடங்கு என்று யூடியூப்பில் பார்த்தேன். உண்மையா?

2023இல் ஒருவர் அப்படிக் கட்டுரை எழுதினார், யூடியூப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் ஏற்கவில்லை, மேலே சொன்ன ஆதி ஒளியின் புள்ளிகளை அந்தக் கணக்கால் சரியாக விளக்க முடியவில்லை. உண்மையான தகராறு வேறு ஒன்று: பிரபஞ்சம் விரிகிற வேகத்தை ஆதி ஒளியிலிருந்து கணக்கிட்டால் 67, பக்கத்து விண்மீன் மண்டலங்களின் விண்மீன்களை வைத்து அளந்தால் 73 (ஒரு மெகாபார்செக், அதாவது ஏறக்குறைய 33 இலட்சம் ஒளியாண்டு தூரத்துக்குச் செக்கனுக்கு இத்தனை கிலோமீற்றர்). இரண்டு பக்கமும் தங்கள் பிழை எல்லை சின்னது என்கிறார்கள். யூடியூப்பில் நேரம் போக்குவதென்றால் இதைத் தேடிப் பாருங்கள்.

மூதூர்: கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளைத் தேடிக் காசைக் கொட்டுகிறார்களே, கண்டார்களா?

இல்லை. இத்தாலியில் மலைக்கடியில் செனன் என்ற வாயுவைத் திரவமாக்கித் தொன் கணக்கில் நிரப்பி, சுற்றிவர ஒளி டிடெக்டர் வைத்து, ஒரே ஒரு மினுக்கத்துக்குக் காத்திருக்கிறார்கள். விண்மீன்கள் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தால் ஏதோ இருக்கிறது என்றுதான் தெரிகிறது, 1930களிலிருந்தே அந்தச் சந்தேகம் உண்டு. என்ன என்பது தெரியாது. அதே செனனை வைத்துப் பெட் ஸ்கான் செய்ய முடியுமா என்றும் சில குழுக்கள் பார்க்கின்றன. ஆனால் அதைச் சொல்லி இந்தச் செலவை நியாயப்படுத்த நான் வரவில்லை. கண்டால் பெரிய விடயம், காணாவிட்டாலும் எது இல்லை என்பது தெரியவரும். அதற்குக் காசு கொடுப்பதா இல்லையா என்பது அந்தந்த நாட்டு மக்கள் தீர்மானிக்க வேண்டியது.

தம்பலகாமம்: எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். மெஷின் பழுதா?

பழுதில்லை. பெரிய காந்தம் சத்தம் போடாது. படத்தில் எந்தப் புள்ளி எங்கே என்று பிரிப்பதற்காக உள்ளே வேறு சுருள்கள் இருக்கின்றன, அவற்றில் மின்னோட்டத்தைச் செக்கனுக்குப் பல நூறு தடவை மாற்றி மாற்றி விடுவார்கள். பெரிய காந்தப்புலத்துக்குள் மின் ஓடுகிற சுருள் உதைபடும், அந்த அதிர்வுதான் சத்தம். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிரோ காமாவோ கிடையாது. ஆனால் உடம்பில் பேஸ்மேக்கர், பழைய கிளிப், குண்டுச் சிதறல் ஏதாவது இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள், எங்கள் பக்கத்தில் சிதறலோடு இருப்பவர்கள் கொஞ்சப் பேரில்லை. காதடைப்பான் தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.